எனக்கு வராத பாதி

பிளஸ் டூ விலங்கியலில் நோய்த்தடைக்காப்புப் பாடத்தை வருஷக்கணக்கில் நடத்தியவள் நான். ஆன்டிஜன், எதிர்ப்பொருள், டி செல், பி செல், நினைவுச் செல் என்று படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லிப் பிள்ளைகளின் உயிரை எடுத்திருக்கிறேன். உறுப்பு மாற்றம் அந்தப் பாடத்தில் ஓரமாக வந்து போகும். 'அயல் உறுப்பை உடல் ஏற்க மறுக்கும்' என்று கரும்பலகையில் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்துவிட்டு, அடுத்த தலைப்புக்குத் தாவிவிடுவேன். பொதுத்தேர்வில் வராத இடத்தில் நின்று பேச எந்த டீச்சருக்கு நேரம் இருக்கிறது? அந்த மறுப்பு வருஷக்கணக்கில் ஆற அமர நடக்கும், வலியோ காய்ச்சலோ காட்டாது, நாம் பாட்டுக்கு விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போதே நடந்துகொண்டிருக்கும் என்பதெல்லாம் என் உடம்புக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

2010 வாக்கில் என் இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன. ஏன் என்பதற்குக் கடைசிவரை விடை கிடைக்கவில்லை. டயாலிசிஸ் தொடங்கியது. வீட்டுக்காரர்தான் முதலில் முன்வந்தார். இரண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவ். ஆள் திடகாத்திரம். எல்லா டெஸ்டிலும் தேறி, கிராஸ்மேட்ச்சில் நின்றுபோனார். சரியாகச் சொன்னால், தேறாமல் போனது நான்.

கிராஸ்மேட்ச் எளிய சோதனைதான். கொடுப்பவரின் வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து வாங்குபவரின் சீரத்தில் போடுகிறார்கள். கொஞ்சம் முயல் சீரமும் சேரும். செல்லைத் துளைத்துக் கொல்கிற காம்ப்ளிமென்ட் புரதங்களுக்காக. வாங்குபவரிடம் எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருந்தால் அந்த வெள்ளணுக்கள் செத்துச் சாயம் ஏறும். என் சீரத்தில் வீட்டுக்காரருடைய செல்கள் கூட்டமாகச் செத்தன. "உங்களுக்குக் குழந்தைங்க எத்தனை பேர்?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். இரண்டு என்றேன். அதுதான் காரணம். பிள்ளைகளின் உடம்பில் பாதி அப்பாவுடையது. வயிற்றில் இருக்கும்போதும் பிரசவத்திலும் குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கொஞ்சம் கலக்கும். அப்பாவிடமிருந்து வந்த பாதியைத் தாயின் உடம்பு அயல் என்று பார்த்து எதிர்ப்பொருள் செய்து வைத்துக்கொள்ளும். எல்லாத் தாய்க்கும் அப்படி ஆவதில்லை, எனக்கு ஆகியிருந்தது. "அப்ப கல்யாணத்துக்கு முன்னாடியே குடுத்திருக்கணும்" என்றார் வீட்டுக்காரர். டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிற்பாடு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் பிடித்திருந்தது. திசுப் பொருத்தம் பார்க்கிற விஞ்ஞானமே என்னைப் போன்ற தாய்மார்களின் ரத்தத்தில்தான் தொடங்கியிருக்கிறது. 1958-ல் நெதர்லாந்தின் லெய்டனில் வான் ரூட்டும், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ரோஸ் பெய்னும், பல பிள்ளை பெற்ற பெண்களின் சீரத்தில் மற்றவர்களின் வெள்ளணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் காட்டினார்கள். அந்தச் சீரங்களை வைத்துத்தான் பிறகு திசு வகைகளையே பிரித்து அறிந்தார்கள். 1969-ல் பட்டேல், டெராசாகி என்ற இருவர் ஒரு கணக்கை வெளியிட்டார்கள்: கிராஸ்மேட்ச் பாசிட்டிவ் ஆக இருந்தும் கிட்னி வைத்த 30 பேரில் 24 பேருக்கு அது உடனே செத்துப்போனது, நெகட்டிவ் ஆக இருந்த 195 பேரில் 8 பேருக்குத்தான் அப்படி ஆனது. அதன் பிறகு கிராஸ்மேட்ச் பார்க்காமல் யாரும் கத்தியைத் தொடுவதில்லை. இந்தப் பால் டெராசாகியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார். ஜப்பானிய வம்சத்தில் பிறந்த அமெரிக்கர். இரண்டாம் உலகப்போரில் சொந்த அரசாங்கமே அவர் குடும்பத்தை அரிசோனா பாலைவனத்து முகாமில் அடைத்து வைத்தது. தன்னவர், அயலார் என்ற பிரிவினையைச் செல்லில் ஆராய அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்பது என் கட்சி.

அம்மாவுக்குச் சர்க்கரை, ஒதுக்கிவிட்டார்கள். அண்ணன் வந்தார். அண்ணியின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். அண்ணி டாக்டரிடம் நேராகக் கேட்டார்: "இவரு வயல் வேலை பாக்கலாமா, மூட்டை தூக்கலாமா, அத மட்டும் சொல்லுங்க." சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. ஒற்றைக் கிட்னியோடு வாழப்போவது அவர் புருஷன். கொஞ்ச மாதத்தில் எல்லாம் செய்யலாம் என்று பதில் வந்ததும் கையெழுத்துப் போட்டார்.

எனக்கும் அண்ணனுக்கும் பாதிப் பொருத்தம். ஹெச்.எல்.ஏ. என்கிற திசு அடையாளப் புரதங்களுக்கான ஜீன்கள் ஆறாவது குரோமோசோமில் ஒரு கொத்தாக இருக்கின்றன. அம்மாவிடம் இரண்டு கொத்து, அப்பாவிடம் இரண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பேரிடமிருந்தும் ஒவ்வொன்று வரும். ஆகவே கூடப்பிறந்தவர்களுக்குள் இரண்டு கொத்தும் ஒன்றாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு, ஒன்று மட்டும் பொதுவாக இருக்க நான்கில் இரண்டு, எதுவுமே சேராமல் போக நான்கில் ஒன்று. அம்மாவுக்கும் டைப்பிங் பார்த்திருந்ததால் கணக்கு தெளிவாக இருந்தது: அம்மா வழிக் கொத்து எங்கள் இருவருக்கும் ஒன்றே. அப்பாவின் இரண்டில் ஒன்று அண்ணனுக்குப் போயிருக்கிறது, மற்றது எனக்கு வந்திருக்கிறது. பாகப்பிரிவினையில் கிணறு பொதுவாகவும் நிலம் வேறு வேறு சர்வே எண்ணிலும் விழுந்த மாதிரி.

2011-ல் ஆபரேஷன். வலது அடிவயிற்றில் வைத்தார்கள். பழைய கிட்னிகள் அவற்றின் போக்கில் முதுகுப் பக்கமே கிடக்கின்றன. மேசையிலேயே சிறுநீர் வந்துவிட்டது என்று மயக்கம் தெளிந்ததும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு மாத்திரைதான் வாழ்க்கை. உலகத்தின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசஃப் முர்ரே செய்தது. இரட்டையர்களுக்குள் நடந்தது, அச்சு அசலான இரட்டையர். அயல் என்று பார்க்க உடம்புக்கு எதுவும் இல்லை, எதிர்ப்பை அடக்கும் மருந்தும் தேவைப்படவில்லை. நம் நாட்டில் வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல் வெற்றி கண்டார்கள். அந்தக் காலத்து மருந்துகளோடு ஒப்பிட்டால் எங்கள் தலைமுறை கொடுத்து வைத்தது. நார்வே மண்ணிலிருந்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் வந்தது. ஜப்பானில் சுகுபா மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து, 1984-ல், நான் விழுங்கும் டாக்ரோலிமஸ் வந்தது. டி செல் தூண்டப்பட்டதும் உள்ளே கால்சிநியூரின் என்ற நொதி வேலை செய்து, 'பெருகு' என்று கட்டளையிடும் இன்டர்லூக்கின்-2 உருவாக வழி செய்யும். டாக்ரோலிமஸ் அந்த நொதியை முடக்குகிறது. அதையும் மீறிப் பெருகப் பார்க்கிற செல்லுக்கு டி.என்.ஏ. செய்யக் கச்சாப்பொருள் கிடைக்காமல் மைக்கோபினோலேட் பார்த்துக்கொள்கிறது. கூடவே கொஞ்சம் வைசலோன் என்ற ஸ்டீராய்டு.

ரத்தத்தில் டாக்ரோலிமஸ் லெவல் பார்க்கிற நாளில் காலை மாத்திரையைப் போடக் கூடாது. ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு, ஊசி குத்தி ரத்தம் எடுத்த பிறகு அங்கேயே நின்று தண்ணீர் கேட்டு விழுங்க வேண்டும். பம்பளிமாஸ் ஆகாது, டாக்ரோலிமஸைச் சிதைக்கிற நொதியை அது தடுத்து லெவலை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதற்கு நேர் எதிர், லெவலை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும். எதிர்ப்பை அடக்கி வைத்த உடம்புக்கு நம் ஊரில் காசநோய் வருவது அதிசயமும் இல்லை.

2020-ல் நடந்தது ஒரு தனி வேடிக்கை. ஊரே 'எதிர்ப்பு சக்தி, எதிர்ப்பு சக்தி' என்று அலைந்தது. கபசுரக் குடிநீர் வீடு வீடாக வந்தது. எதிர்வீட்டு அக்கா டம்ளரை என் கையிலேயே திணித்து, "நீங்கதான் டீச்சர் முக்கியமா குடிக்கணும், உங்களுக்குத்தான் எதிர்ப்பு சக்தி கம்மி" என்றார். பாசத்தில் சொல்கிறார், என்ன பண்ண? டாக்ரோலிமஸ் லெவலை என்ன செய்யும் என்று யாரும் அளந்து சொல்லாத எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் ஜாதிக்கு விதி. வாங்கி, நன்றி சொல்லி, வாஷ்பேசினில் ஊற்றினேன். எதிர்ப்பு சக்தி கூடுவது எல்லோருக்கும் நல்லது என்று நினைக்கிற ஊரில், அதைக் குறைத்துக்கொண்டு உயிர் வாழ்கிறவள் தன் கதையைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்த நாட்களில் நான் நன்றாகவே இருந்தேன். இருந்ததாக நினைத்தேன்.

முதலில் தெரிந்தது நுரை. கழிப்பறையில் சிறுநீர் கழித்த பிறகு தண்ணீருக்கு மேலே சோப்பு போட்ட மாதிரி ஒரு நுரை, ஊற்றினாலும் சட்டென்று போகாது. டெஸ்ட் எடுத்ததில் புரதம் போய்க்கொண்டிருந்தது. கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.3-லிருந்து 1.5-க்கு வந்திருந்தது. அந்த எண் அரட்டுகிற எண் இல்லை. டாக்ரோலிமஸ் லெவலும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. டாக்டர் பயாப்ஸி என்றார்.

மாற்றுக் கிட்னிக்குப் பயாப்ஸி மல்லாந்து படுத்த நிலையில். அது தோலுக்கு அடியிலேயே இருப்பதால் ஸ்கேன் கருவியை வைத்ததும் திரையில் தெரிகிறது. மரக்க ஊசி போட்டு, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, ஸ்ப்ரிங் வைத்த துப்பாக்கி மாதிரி ஒன்றை அழுத்துகிறார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். நூல் மாதிரி ஒரு சதைத் துணுக்கு. என் அண்ணனுடையது.

ரிப்போர்ட்டில் 'டிரான்ஸ்பிளான்ட் குளோமெருலோபதி', 'சி4டி பாசிட்டிவ்' என்றெல்லாம் இருந்தது. இதை எழுதுகிற முறைக்கே 'பான்ஃப்' என்று பெயர். 1991-ல் கனடாவில் அந்தப் பெயருள்ள மலையூரில் நோய்க்குறியியல் நிபுணர்கள் கூடி வகுக்கத் தொடங்கியது. ரத்தத்தில் டி.எஸ்.ஏ. பார்த்தார்கள், அதாவது கொடையாளியைக் குறிவைத்த எதிர்ப்பொருள். இருந்தது. ஹெச்.எல்.ஏ.வில் டி.க்யூ. என்ற வகைக்கு எதிராக, அப்பாவிடமிருந்து அண்ணனுக்குப் போய் எனக்கு வராமல் போன அந்தப் பாதிக்கு எதிராக. ஆபரேஷனுக்கு முன்னால் அது என்னிடம் இல்லை. இடைப்பட்ட வருஷங்களில் என் உடம்பு கற்றுக்கொண்டு செய்தது.

டியூட்டியில் இருந்த சின்ன டாக்டர் கேட்டார்: "மாத்திரை இடையில விட்டீங்களாம்மா?" மருந்துக்கடைக்காரர் கேட்டார். நாத்தனார் கேட்டார். கேட்கிறவர்கள் மேல் கோபம் வந்ததைவிட, எனக்கே என் மேல் சந்தேகம் வந்ததுதான் கொடுமை. பழைய பில்களை எடுத்து வைத்து, வாங்கிய பட்டைகளையும் நாட்களையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது. திரும்பவும் பார்த்தேன்.

அந்தக் கேள்வி அடியோடு அநியாயமானதும் இல்லை. 2012-ல் கனடாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில், மறுப்பினால் கிட்னியை இழந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்கள். ஆனால் மீதிப் பாதி இருக்கிறதே, ஒழுங்காக விழுங்கியும் இழந்தவர்கள்? அந்தப் பாதியைப் பற்றி என்னிடம் யாரும் சொன்னதில்லை. ஒரு நோயாளியிடம் 'நீ செய்தாயா' என்று கேட்பதற்கு முன்னால் 'நீ செய்யாமலும் இது வரும்' என்று ஒரு வாக்கியம் சொல்லலாம். அதற்கு ஸ்கேனும் வேண்டாம், செலவும் இல்லை.

என்ன நடந்தது என்பதை நானே உட்கார்ந்து படித்தேன். புது உறுப்பை உடம்பு இரண்டு வழியில் பார்க்கிறது. முதல் மாதங்களில், அண்ணனின் கிட்னியோடு ஒட்டிக்கொண்டு வந்த அவருடைய வெள்ளணுக்கள் என் நிணநீர்க் கணுக்களுக்குப் போய் நிற்கும். என் டி செல்கள் அவற்றை நேருக்கு நேர் பார்த்துச் சீறும். இதுதான் திடீர் மறுப்பு. மருந்துகள் இதை நன்றாகவே கட்டிப்போட்டுவிட்டன. வந்தவை நாளடைவில் செத்தும் போகும். ஆனால் கிட்னி இருக்கிறவரை அதிலிருந்து புரதத் துணுக்குகள் உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். என் சொந்தச் செல்களே அவற்றைப் பொறுக்கி, செரித்து, மேலே ஏந்தி, 'இது யார்?' என்று உதவி டி செல்களுக்குக் காட்டும். இது மறைமுக வழி. இதற்கு முடிவே கிடையாது. இத்தனை வருஷத்தில் ஏதோ ஒரு நாள், ஏதோ ஓர் உதவி செல் விழித்துக்கொண்டு, ஒரு பி செல்லைத் தட்டி எழுப்புகிறது. பி செல் பிளாஸ்மா செல்லாகி எலும்பு மஜ்ஜையில் போய்க் குடியேறுகிறது. அங்கே அது பெருகுவதில்லை. பெருகாத செல்லை டாக்ரோலிமஸோ மைக்கோபினோலேட்டோ ஒன்றும் செய்ய முடியாது. அது உட்கார்ந்த இடத்திலிருந்தே எதிர்ப்பொருளை வருஷக்கணக்கில் வார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த எதிர்ப்பொருள் போய் ஒட்டுவது கிட்னியின் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரில், ரத்தமும் அண்ணனின் திசுவும் முதன்முதலில் சந்திக்கிற இடத்தில். ஒட்டிய இடத்தில் காம்ப்ளிமென்ட் கிளம்பும்; அதன் மிச்சம்தான் பயாப்ஸியில் பார்த்த சி4டி. இயற்கைக் கொல்லிச் செல்களும் வந்து சேரும். சுவர் புண்படும், ஆறும், திரும்பப் புண்படும். ஒவ்வொரு முறை ஆறும்போதும் புதிதாக ஓர் அடித்தளச் சவ்வு படியும். அதனால்தான் நுண்ணோக்கியில் குளோமெருலஸ் என்கிற வடிகட்டியின் சுவர் இரட்டைக் கோடாகத் தெரிகிறது. இரட்டைச் சுவராக இருந்தும் அது ஒழுகுகிறது. நான் பார்த்த நுரை அந்த ஒழுக்கு. தமனிகளின் உள்புறம் தடித்து வழி சுருங்குகிறது. ரத்தம் குறைந்த இடத்தில் நுண்குழல்கள் வாடி, தழும்பு நிரம்புகிறது. தழும்பைத் திருப்பி எடுக்க மருந்து இல்லை. கிரியேட்டினின் ஏறுவது இத்தனைக்கும் கடைசியில்தான். நான் அத்தனை வருஷம் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

டெராசாகி வருகிறார். நாட்பட்ட மறுப்புக்கு எதிர்ப்பொருள்தான் காரணம் என்று அவர் 2000-த்துக்குப் பிறகும் வாதாடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. டி செல்தான் எல்லாம் என்று பழகிப்போனவர்கள் சுலபத்தில் நம்பவில்லை. நானும் வகுப்பில் அப்படித்தானே நடத்தினேன்.

இன்னொரு சிக்கல், டாக்ரோலிமஸே கிட்னிக்கு நஞ்சு. லெவல் கூடினாலும் தழும்பு, குறைந்தாலும் தழும்பு. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, பழைய நோய் திரும்பி வருவது எல்லாம் சேர்ந்துகொண்டால் எது எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதய மாற்று செய்தவர்களின் நிலை இன்னும் மோசம். அங்கே சுருங்குவது இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற தமனிகள். மாற்றும்போது நரம்புகள் அறுபட்டுவிடுவதால் பலருக்கு நெஞ்சுவலி கூட வராது. நுரையீரலில் நுண்ணிய மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபடுகின்றன. கல்லீரல் ஒன்றுதான் பெரிய மனசு பண்ணி இதையெல்லாம் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது.

சிகிச்சை என்று டாக்டர் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று, ரிட்டுக்ஸிமாப் எல்லாவற்றையும் சொன்னார். லட்சங்களில் செலவு. "இது வேலை செய்யும்னு உறுதியா ஆதாரம் இருக்கான்னு கேட்டா, இல்லைம்மா" என்றும் அவரே சொன்னார். அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடியது அன்றைக்குத்தான். லெவலைச் சீராக வைப்பது, கொதிப்பைக் கட்டுப்படுத்துவது, உப்பைக் குறைப்பது என்று முடிவானது. வியன்னாவிலும் பெர்லினிலும் 22 நோயாளிகளிடம் ஃபெல்சார்டமாப் என்ற மருந்தைச் சோதித்த முடிவு 2024-ல் வெளியானது. பிளாஸ்மா செல்லையும் இயற்கைக் கொல்லிச் செல்லையும் குறிவைக்கிற மருந்து. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அழற்சி அடங்கியது. சின்ன ஆய்வுதான். ஆனால் அடியைச் சரியான இடத்தில் அடிக்கிறார்கள் என்று படிக்கும்போதே தெரிந்தது.

இதையெல்லாம் அண்ணனிடம் நான் சொல்லவில்லை. மற்றவர்கள் 'சாப்பிட்டியா' என்று கேட்பதுபோல அவர் போனில் 'கிரியேட்டினின் எவ்வளவு' என்று கேட்பார். பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒப்புக்கொள்ளவே கூசுகிறது, எரிச்சல். வாழ்நாள் முழுக்க நன்றியோடு இருக்க வேண்டும் என்பதே ஒரு பாரம். அதற்கு மேல், கொடுத்ததைக் காப்பாற்றவில்லை என்ற பேரும் வாங்க வேண்டுமா என்ற எரிச்சல்.

ஊருக்குப் போயிருந்தபோது அண்ணனே ஃபைலை வாங்கிப் பார்த்துவிட்டார். ஆங்கிலம் புரியாவிட்டாலும் எண் புரியும். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "என்னோடது சரியில்லாம போச்சா? சின்ன வயசுல பீடி குடிச்சேன். டாக்டர்ட்ட சொல்லல" என்றார். அத்தனை நாளும் நான் என்னைக் குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தேன். இவர் ஒரே நிமிஷத்தில் தன்னைக் கூண்டில் ஏற்றிக்கொண்டார்.

நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அம்மாவின் இரண்டு கொத்து, அப்பாவின் இரண்டு கொத்து என்று கோடு போட்டேன். இது உனக்கு, இது எனக்கு, இந்தப் பக்கம் ரெண்டு பேருக்கும் ஒண்ணு, என் உடம்பு சண்டை போடுறது இந்த ஒண்ணோட மட்டும்தான் அண்ணே. பீடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நம்ம அப்பா செத்தும் சும்மா இருக்கல. ரெண்டு பேருக்கும் சண்டை மூட்டிவிட்டுத்தான் போயிருக்காரு" என்றார். அடுப்படியிலிருந்து அண்ணி, "அந்த மனுசன் உசுரோட இருக்கும்போதும் அதத்தான செஞ்சாரு" என்றார்.

இப்போது கிரியேட்டினின் 3-ஐத் தாண்டிவிட்டது. மகள் தருகிறேன் என்கிறாள். அவள் உடம்பிலும் பாதி அவள் அப்பாவுடையது. அதற்கு எதிரான நினைவு என் உடம்பில் அவள் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. கிராஸ்மேட்ச்சில் தேற வாய்ப்பு குறைவு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசின் உறுப்பு தானப் பட்டியலில் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணனுக்கு எதிராகச் செய்த எதிர்ப்பொருள் வேறு சேர்ந்துகொண்டதால் எனக்குப் பொருந்துகிற ஆள் கிடைப்பது இன்னும் அரிது. கிட்னிதான் போகப்போகிறதே, மாத்திரையை நிறுத்தினால் என்ன, செலவாவது மிஞ்சுமே என்று வீட்டுக்காரர் கேட்டார். நிறுத்தினால் எதிர்ப்பொருள் இன்னும் பெருகி, இருக்கிற கொஞ்ச வாய்ப்பும் போய்விடும். அதனால் டயாலிசிஸ் தொடங்கினாலும் டாக்ரோலிமஸ் கொஞ்ச காலம் தொடரும். டயாலிசிஸுக்கு ரத்தக்குழாய்களை இணைக்கிற பிஸ்துலா போட இடது கையில் ரத்தக்குழாய் நன்றாக இருக்கிறதாம். அந்தக் கையில் ஊசி போட விடாதீர்கள் என்று சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.